கூடையில் திமிங்கலம் வேண்டும், கடலில் உரிமை வேண்டாமா?

தொல்குடி மக்களின் கைவினைப் பொருள் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் கோலத்துக்கு என்ன அர்த்தம்?" என்பதுதான். பறவை எதைக் குறிக்கிறது, பாம்பு எதைக் குறிக்கிறது, கறுப்புக் கோடு எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு பட்டியல் வேண்டும். கழுகு என்றால் வீரம், அலை என்றால் வாழ்க்கை என்று ஓர் அட்டையில் அச்சடித்துப் பொருளோடு கட்டிக் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிப் போவார். வீட்டு அலமாரியில் வைத்து, வருகிற விருந்தாளிக்கும் அதையே சொல்வார்.

கேட்பவர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் வேறு சில கேள்விகள் புதைந்துபோகின்றன. முடைந்தவர் யார்? நார் எந்தக் காட்டில் கிடைத்தது? அந்தக் காடு இன்று யாருடையது? கூடையில் இருக்கும் திமிங்கலத்தை வேட்டையாடும் உரிமை அந்த மக்களிடம் இருக்கிறதா? அமெரிக்காவின் வடமேற்கு முனையில் வாழும் மக்காஹ் மக்களின் கூடைகளை முன்வைத்து இதைப் பேச விரும்புகிறோம். பண்பாடு, நினைவு, அடையாளம் என்ற சொற்களை நாம் அன்றாடம் பயன்படுத்துகிறோம். அந்தச் சொற்கள் எங்கே உயிரோடு இருக்கின்றன, எங்கே அலங்காரமாகிப் போகின்றன என்பதை இந்தக் கூடைகள் தெளிவாகக் காட்டுகின்றன.

பெயரிலிருந்தே தொடங்குவோம்

வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் தீபகற்பத்தின் கடைசி முனை கேப் ஃப்ளாட்டரி. அதற்கு அப்பால் பசிபிக் பெருங்கடல். அங்கே நீயா பே என்ற ஊரை மையமாகக் கொண்டு மக்காஹ் மக்கள் வாழ்கிறார்கள். மக்காஹ் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் கிடையாது. அண்டையில் வாழ்ந்த சாலிஷ் மொழிக்குடியினர் அவர்களை அழைத்த பெயர் அது. உணவை வாரி வழங்குகிறவர்கள் என்று பொருள். தங்கள் மொழியில் அவர்கள் தங்களைப் பாறைகளுக்கும் கடற்பறவைகளுக்கும் அருகே வாழும் மக்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அரசு தன் ஆவணத்தில் அண்டை வீட்டார் வைத்த பெயரை எழுதியது, அதுவே நிலைத்துவிட்டது. கெட்ட பெயர் இல்லைதான். ஆனாலும் ஒரு மக்களின் பெயரை எழுதும் பேனா யார் கையில் இருந்தது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நீயா பே, பிஹிடா, வாயாட்ச், ட்சூயெஸ், ஓசெட் என்று ஐந்து பெரிய ஊர்கள் அவர்களுக்கு இருந்தன. 1850களின் தொடக்கத்தில் வந்த பெரியம்மை ஏராளமானவர்களைக் கொன்றது. அந்தச் சாவுகளின் ஈரம் காய்வதற்குள், 1855 ஜனவரி 31 அன்று, ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் ஒப்பந்தத்தோடு வந்து நின்றார். பேச்சு மக்காஹ் மொழியில் நடக்கவில்லை. சினூக் என்ற வணிகக் கலப்புமொழியின் வழியாக, மொழிபெயர்ப்பின் மேல் மொழிபெயர்ப்பாக நடந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் ஏக்கர் நிலம் கைமாறியது. ஒன்றை மட்டும் மக்காஹ் தலைவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அது கடல். வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கவும், திமிங்கலமும் கடல்நாயும் வேட்டையாடவும் உள்ள உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. அமெரிக்க அரசு தொல்குடிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் திமிங்கல வேட்டை உரிமையை வெளிப்படையாக எழுதி வைத்தது இது ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கூடைக்குப் போவோம்.

நாரில் இருக்கும் நினைவு

மக்காஹ் கூடையின் முதன்மையான பொருள் சிடார் மரத்தின் உட்பட்டை. இளவேனில் முடிந்து கோடை தொடங்கும் காலத்தில், மரத்தில் சாறு ஏறும்போதுதான் பட்டை உரியும். மரத்தின் ஒரு பக்கத்தில், அடியில் சிறிதாக வெட்டி, பட்டையைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தபடியே இழுத்தால் நீண்ட பட்டை மேலே குறுகிக்கொண்டே போய்ப் பிய்ந்து விழும். ஒரு மரத்திலிருந்து ஒரு சிறு பகுதியைத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் மரம் பிழைக்கும். இப்படிப் பட்டை உரித்த தழும்போடு நூறு, இருநூறு ஆண்டுகளாக நிற்கும் மரங்கள் அந்தக் கடற்கரை நெடுக இருக்கின்றன. வெளிப்பட்டையை அங்கேயே நீக்கிவிட்டு, உட்பட்டையை மடித்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து உலர்த்துவார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, தேவைப்படும்போது நீரில் ஊறவைத்து, மெல்லிய கீற்றுகளாகக் கிழிப்பார்கள்.

இரண்டாவது, சதுப்பு நிலத்துக் கோரை. மூன்றாவது, கரடிப்புல் என்று அழைக்கப்படும் மலைப்புல். வெளுத்தால் பளபளப்பான தந்த நிறம் வரும், சாயமும் நன்றாகப் பிடிக்கும். கூடையின் மேல் நாம் பார்க்கும் வெள்ளையும் வண்ணமும் பெரும்பாலும் இந்தப் புல்தான். இது கடற்கரையில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. மலைப்பகுதிக்குப் போக வேண்டும், அல்லது அண்டைக் குடியினரோடு பண்டம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர், சம்பங்கோரை என்று இன்னும் சில பொருள்களும் உண்டு.

இப்போது சொல்லுங்கள், ஒரு கூடை எதை நினைவில் வைத்திருக்கிறது? எந்த மாதம் எந்த மரத்தடியில் நிற்க வேண்டும் என்பதை. எந்தச் சதுப்பில் கோரை நீளமாக வளரும் என்பதை. எந்த மலைக்காரர்களோடு நமக்கு உறவு என்பதை. எவ்வளவு எடுத்தால் மரம் சாகாது என்பதை. இவை எதுவும் கூடையின் மேல் படமாக இல்லை. ஆனால் இவற்றில் ஒன்று அறுந்தாலும் கூடை இல்லை.

வேலைக்கேற்பப் பின்னலும் மாறும். மட்டி பொறுக்கும் கூடை இடைவெளி விட்டு முடையப்பட்டது. தண்ணீரும் மணலும் வடிந்துபோக வேண்டும் அல்லவா! சுமைக்கூடை கூம்பு வடிவில் இருக்கும். அதன் கயிற்றை ஒரு பட்டையால் நெற்றியில் தாங்கி முதுகில் சுமப்பார்கள். திமிங்கல எறியீட்டியின் அலகை வைப்பதற்குச் சிடார் பட்டையில் தட்டையான உறை. படுக்க, உட்கார, சுவராக மறைக்கப் பாய்கள். மழைக்குத் தொப்பி. அந்தக் கரையில் பெய்யும் மழைக்குத் தொப்பி இல்லாமல் முடியாது. பிறப்பு முதல் கடல் வேட்டை வரை பெரும்பாலும் பெண்களின் கைப்பின்னல் கூடவே வந்தது. திமிங்கலம் வேட்டையாடிய தலைவரின் பெயர் பாட்டில் நின்றது. ஈட்டியின் அலகுக்கு உறை முடைந்த பெண்ணின் பெயர்?

மண் சாட்சி சொன்னபோது

ஓசெட் ஐந்து ஊர்களில் தெற்கே இருந்தது. சில நூற்றாண்டுகளுக்கு முன், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே, ஒரு பெரும் மண்சரிவு அங்கிருந்த நீளவீடுகள் சிலவற்றை ஒரே நொடியில் மூடியது. மிச்சமிருந்த ஊரில் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். அந்தச் சரிவைப் பற்றிய கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. கடைசியில் ஓசெட்டைக் காலி செய்ய வைத்தது மண் இல்லை, பள்ளிக்கூடம். பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும், பள்ளியோ நீயா பேயில் இருந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் ஊர் வெறிச்சோடியது.

1970ஆம் ஆண்டு குளிர்காலப் புயலில் கடல் கரையை அரித்தது. புதைந்திருந்த வீடுகள் வெளியே தெரியத் தொடங்கின. நடைப்பயணிகள் பொருள்களை எடுத்துக்கொண்டு போவது தெரிந்ததும், அப்போதைய மக்காஹ் குழுத் தலைவர் எட் கிளாப்லன்ஹூ, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ரிச்சர்ட் டாகர்ட்டியைத் தொலைபேசியில் அழைத்தார். பதினோரு ஆண்டுகள் அகழாய்வு நடந்தது. மண்வெட்டிக்குப் பதிலாக நீர்க்குழாயால் மெல்ல மெல்லச் சேற்றைக் கழுவித்தான் பொருள்களை எடுத்தார்கள். ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன.

சாதாரண அகழாய்வில் கல்லும் எலும்பும் கிடைக்கும். மரமும் நாரும் மக்கிப்போயிருக்கும். ஓசெட்டில் ஈரச் சேறு காற்றைத் தடுத்ததால் கூடை, பாய், கயிறு, தொப்பி எல்லாம் அப்படியே கிடைத்தன. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உலகெங்கும் வரலாறு என்று நாம் படிப்பது, மக்காத பொருள்களைச் செய்தவர்களின் வரலாறு. கல்லும் உலோகமும் நிற்கும். நாரும் புல்லும் போய்விடும். நாரிலும் புல்லிலும் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் வரலாற்றில் இல்லாமல் போனதற்கு அவர்கள் எதுவும் செய்யாதது காரணமாகாது. அவர்கள் செய்தது மக்கியது. ஓசெட்டின் சேறு தற்செயலாக அந்த அநீதியைக் கொஞ்சம் திருத்தியது.

மக்காஹ் நிலத்திலேயே ஹோக்கோ ஆற்றங்கரையில் இன்னொரு ஈரநிலத் தொல்லிடம் இருக்கிறது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையான கூடைத் துண்டுகள் அங்கே கிடைத்தன. இரண்டு இடங்களின் பின்னல்களையும் ஆராய்ந்த டேல் குரோஸ், கல்லாயுதங்களைவிடப் பின்னல் முறைகளே ஒரு மக்களின் தொடர்ச்சியைத் தெளிவாகக் காட்டுகின்றன என்று வாதிட்டார். காரணம் எளிது. பயன்படும் கருவியை யாரும் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். பின்னலின் நுணுக்கம் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பார்த்து, பல ஆண்டுகள் கற்றால்தான் வரும். தாயிடமிருந்து மகளுக்கு, பாட்டியிடமிருந்து பேத்திக்கு.

அகழாய்வில் கிடைத்த பொருள்களை நகரத்துப் பெரிய அருங்காட்சியகங்களுக்கு மக்காஹ் மக்கள் அனுப்பிவிடவில்லை. நீயா பேயிலேயே 1979இல் தங்கள் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் திறந்தார்கள். ஆய்வாளர்களுக்குப் புரியாத பொருள்களை மூத்தவர்கள் பார்த்து, இது இன்னது, இதற்குப் பயன்பட்டது என்று சொன்னார்கள். சேமிப்பறையில் பொருள்களை அடுக்கும் முறையையும் தாங்களே முடிவு செய்தார்கள். மக்காஹ் மொழி பொருள்களை எப்படி வகைப்படுத்துகிறதோ அந்த முறை அங்கே பின்பற்றப்பட்டது. எந்த வீட்டில் கிடைத்தது என்பதும் காக்கப்பட்டது. சில பொருள்களை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற மரபு விதிகளும் கடைப்பிடிக்கப்படுகின்றன. அந்தத் தொடுதல் விதிகளில் ஆண், பெண் வேறுபாடு உண்டு. அதைப் பற்றி நமக்குக் கேள்விகள் எழலாம், எழத்தான் வேண்டும். ஆனால் அந்த விவாதத்தை நடத்தும் மேசை அந்த மக்களுடையது.

இவ்வளவையும் பாராட்டும்போதே ஒரு கசப்பு நமக்குள் நிற்கிறது. மண்சரிவு நடந்தது என்று பாட்டிமார்கள் சொன்னபோது அது 'வாய்மொழிக் கதை'. சேற்றிலிருந்து வீடு வெளியே வந்தபோது அது 'சான்று'. ஒடுக்கப்பட்ட மக்களின் சொல் சான்றாவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு புயல் அடிக்க வேண்டுமா?

சுற்றுலாக் கூடை 'போலி'யா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்காஹ் பெண்கள் வேறொரு வகைக் கூடையை அதிகமாக முடையத் தொடங்கினார்கள். சிறியது, மூடியுள்ளது, நெருக்கமான சுற்றுப்பின்னல். திமிங்கலம், அதைத் துரத்தும் படகு, பறவை, பாம்பு என உருவங்கள் அதைச் சுற்றி வரும். கடைச்சாயம் பிடித்த சிவப்பும் ஊதாவும் பச்சையும் உண்டு. வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்காகவே செய்யப்பட்டவை இவை. கண்ணாடிப் புட்டிகள் மேலும், கரை ஒதுங்கிய மீன்வலைக் கண்ணாடி உருண்டைகள் மேலும்கூட முடைந்தார்கள்.

சேகரிப்பாளர்கள் சிலர் இந்தக் கூடைகளை இரண்டாம் தரமாகப் பார்த்தார்கள். சந்தைக்காகச் செய்தது, கலப்படம், உண்மையான மரபு இல்லை என்பது அவர்கள் வாதம். நாம் இதை முழுமையாக மறுக்கிறோம். யாருக்கு 'உண்மை' வேண்டும் என்று பாருங்கள். நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள், பிள்ளைகளின் மொழியைப் பள்ளியில் தண்டித்தவர்கள், கொடை விழாவான பாட்லாட்சைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒடுக்கியவர்கள், அதே சமூகத்திலிருந்து வந்து, "உங்கள் பழைய கூடை போல இல்லையே" என்று குறைபட்டுக்கொள்கிறார்கள்! பணமில்லாமல் வாழ முடியாத பொருளாதாரத்துக்குள் ஒரு மக்களைத் தள்ளிவிட்டு, அவர்கள் விற்கிறார்கள் என்று குற்றம் சொல்வது என்ன நியாயம்?

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். விழா நடத்தினால் அதிகாரி வருவான். மொழி பேசினால் பிள்ளைக்கு அடி விழும். கூடை முடைந்தால் அது உழைப்பு, அதைக் கேட்க யாரும் வரவில்லை. கூடை முடைவதற்காகப் பெண்கள் காட்டுக்குப் போனார்கள், சதுப்புக்குப் போனார்கள், சேர்ந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால் பேச்சு வரும், அது எந்த மொழியில் என்று எந்த அதிகாரி கேட்டான்? நாம் படித்த சமூகவியல் இதை எதிர்ப்பின் அன்றாட வடிவம் என்று சொல்லும். அந்தப் பெண்களுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்காது. வாங்கியவருக்கு அது நினைவுப்பொருள். முடைந்தவர்களுக்கு அது அரிசி, மாவு, துணி. கூடவே கையின் பயிற்சி அறுந்துபோகாமலும் காத்தது. இன்று நீயா பேயில் இளையவர்கள் கூடை முடையக் கற்கிறார்கள் என்றால், 'போலி' என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கூடைகளும் அதற்குக் காரணம்.

இன்னொன்று. சாம்பல் திமிங்கலங்களை ஐரோப்பிய, அமெரிக்க வணிகக் கப்பல்கள் ஏறத்தாழ அழித்துவிட்ட பிறகு, 1920களில் மக்காஹ் மக்கள் தாங்களாகவே வேட்டையை நிறுத்தினார்கள். அதன் பின் எழுபது ஆண்டுகள் ஈட்டி எழவில்லை. கூடைகளில் மட்டும் படகு திமிங்கலத்தைத் துரத்திக்கொண்டே இருந்தது. குறியீடு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வோம். கடலில் நடக்காத ஒன்றைப் பெண்களின் விரல்கள் மறக்க விடவில்லை.

ஆனால் அருங்காட்சியகங்களுக்குப் போய்ப் பாருங்கள். 'மக்காஹ், கூடை, ஏறத்தாழ 1900' என்ற மாதிரியான சிட்டைதான் பெரும்பாலும் இருக்கும். சேகரித்தவர் பெயர் இருக்கும், நன்கொடை அளித்தவர் பெயர் இருக்கும். முடைந்தவர் பெயர் இருக்காது. 1860களில் நீயா பேயில் பள்ளி ஆசிரியராக இருந்து, அங்கிருந்து ஸ்மித்சோனியனுக்குப் பொருள்கள் சேகரித்து அனுப்பிய ஜேம்ஸ் ஸ்வானின் பெயர் நமக்குத் தெரியும், அவர் எழுதிய நூலும் தெரியும். அவர் கையில் பொருளைக் கொடுத்தவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? ஊருக்குள் ஒரு கூடையின் அடித்தொடக்கத்தைப் பார்த்தே இது இன்னார் வீட்டுக் கை என்று சொல்லக்கூடிய மக்கள் அவர்கள். பெயர் தெரியாமல் போகவில்லை, யாரும் கேட்கவில்லை.

தொப்பியும் படிநிலையும்

இங்கே நிறுத்திக்கொண்டால் நாமும் ஓர் இனிய கதையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களாகிவிடுவோம். எனவே சங்கடமானதையும் பேசுவோம். ஓசெட்டில் பின்னிய தொப்பிகள் கிடைத்தன. உச்சியில் குமிழ் வைத்தவை சில, தட்டையானவை சில. குமிழ்த் தொப்பி தலைவர்களும் திமிங்கல வேட்டைக்காரர்களுமான உயர்குடியினருக்கு, தட்டைத் தொப்பி சாதாரண மக்களுக்கு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால் பின்னல் சமத்துவத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கவில்லை. யார் மேல், யார் கீழ் என்பதையும் வைத்திருக்கிறது.

பழைய மக்காஹ் சமூகத்தில் தலைவர்கள், சாதாரண மக்கள், அடிமைகள் என்ற படிநிலை இருந்தது. போரில் பிடிபட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் அடிமைகளாக இருந்தார்கள். கடல் உரிமையைக் காத்த அதே 1855 ஒப்பந்தத்தில்தான் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்ற பிரிவும் இருக்கிறது. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் எந்த ஏற்பாட்டையும், அது எந்தக் கரையில் இருந்தாலும், 'அவர்கள் பண்பாடு' என்று சொல்லிக் கடந்துபோக நம்மால் முடியாது. அதே சமயம், இதைக் காட்டிக் குடியேறிகளின் நிலப்பறிப்பை நியாயப்படுத்துவோருக்கு நாம் துணை போகவும் மாட்டோம். அந்த ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சட்டப்படி அடிமைகளாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கைவினை மரபைக் கொண்டாடு என்று யாராவது சொன்னால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று ஒரு தயக்கம் வரும். அது சரியான தயக்கம். நம் நாட்டில் தொழில் பிறப்போடு கட்டப்பட்டது, பல தொழில்களோடு இழிவும் சேர்த்துக் கட்டப்பட்டது. மக்காஹ் சமூகத்தில் கூடை முடைந்ததால் ஒரு பெண்ணைத் தீட்டு என்று யாரும் ஒதுக்கவில்லை. அந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது. ஒரு மரபை மதிப்பிடும்போது இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். அதைக் கற்பவர் விரும்பிக் கற்கிறாரா? வேண்டாம் என்று எழுந்து போகும் உரிமை அவருக்கு இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது மரபு. இல்லை என்றால் அது விலங்கு.

படம் பிடிக்கும், உரிமை பிடிக்காது

1994இல் கிழக்குப் பசிபிக் சாம்பல் திமிங்கலம் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எண்ணிக்கை மீண்டுவிட்டது. தங்கள் ஒப்பந்த உரிமையைப் பயன்படுத்த மக்காஹ் மக்கள் முடிவு செய்தார்கள். 1999 மே 17 அன்று ஒரு திமிங்கலத்தை வேட்டையாடினார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பின் நடந்த முதல் வேட்டை அது.

அதற்கு முன்னும் பின்னும் கிளம்பிய எதிர்ப்பில், உயிர்கள் மீதான உண்மையான அக்கறையும் இருந்தது. அதை மதிக்கிறோம், அதோடு விவாதிக்கலாம். ஆனால் கூடவே பச்சையான இனவெறியும் கொலை மிரட்டலும் வந்தன. வேட்டைக்குப் பிறகு வழக்குகள் வந்தன. கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனி விலக்குப் பெற்றாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த விலக்கு 2024 ஜூனில்தான் கிடைத்தது. பத்து ஆண்டுகளில் அதிகபட்சம் 25 திமிங்கலங்கள், கடுமையான நிபந்தனைகளோடு. 1855இல் கையெழுத்திட்டுக் கொடுத்த உரிமையைப் பயன்படுத்த, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மனுப் போட்டுக் காத்திருந்தார்கள்.

இப்போது கூடைக்குத் திரும்புங்கள். நூறு ஆண்டுகளாக அந்தக் கூடையில் இருந்த திமிங்கலத்தையும் துரத்தும் படகையும் விரும்பி வாங்கியது அமெரிக்கச் சமூகம். அழகு, மரபு, தொன்மம் என்று பாராட்டியது. அந்தப் படகு உண்மையான கடலில் இறங்கியபோது அதே சமூகத்தின் ஒரு பகுதி கொதித்தது. பண்பாட்டைக் குறியீடாக மட்டும் நேசிப்பவர்கள் எப்போதும் இப்படித்தான். படம் பிடிக்கும், படத்துக்குப் பின்னால் இருக்கும் உரிமை பிடிக்காது.

நாருக்கும் புல்லுக்கும் இதே கதைதான். பெரிய சிடார் மரங்களில் பெரும்பகுதியை மரவணிகம் வெட்டித் தீர்த்துவிட்டது. கரடிப்புல்லைப் பூச்செண்டு வணிகர்கள் பெருமளவில் அறுக்கிறார்கள். தீபகற்பத்தின் தொல்குடிகள் அவ்வப்போது சிறு தீ வைத்து அந்தப் புல்வெளிகளைக் காத்து வந்தார்கள். தீ கூடாது என்ற அரசுக் கொள்கை வந்தபின் பல இடங்களில் மரங்கள் அடர்ந்து புல் குறைந்தது. முடையத் தெரிந்த கை இருந்து, புல் இல்லாவிட்டால் என்ன செய்வது? பண்பாட்டைக் காப்போம் என்று பேசும் எவரும் முதலில் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மக்காஹ் மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்களில் கடைசியானவரான ரூத் கிளாப்லன்ஹூ 2002இல், நூறு வயதில் இறந்தார். அவரோடு மொழி முடிந்துவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் நீயா பே பள்ளியில் இன்று அந்த மொழி கற்பிக்கப்படுகிறது. ஒரு காலத்தில் மொழியைத் தண்டித்த வகுப்பறை, இன்று அதைக் கற்றுக்கொடுக்கிறது. அது தானாக நடக்கவில்லை. ஊர் மக்கள் மூத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்து, எழுத்து முறை உருவாக்கி, ஆசிரியர்களைத் தயார் செய்து, பல ஆண்டுகள் உழைத்ததால் நடந்தது.

2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டில் தொல்குடி மக்களின் பேராளர்களும் தலித் பேராளர்களும் இருந்தார்கள். தங்களைப் பற்றி அரசுகள் எழுதும் வாசகத்தைத் தாங்கள் ஏற்க முடியாது என்று இரு தரப்பும் அங்கே போராடின. 2007இல் ஐ.நா. தொல்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. தங்கள் பண்பாட்டு மரபையும் மரபறிவையும் காக்கவும் கட்டுப்படுத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. அன்று எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 2010இல்தான் ஆதரவு தெரிவித்தது. கூடையை விரும்பி வாங்கிய நாடு, கூடைக்காரர்களின் உரிமையை ஏற்க எடுத்துக்கொண்ட காலம் அது.

மாணவத் தோழர்களுக்கு, குறிப்பாகக் களப்பணிக்கும் ஆவணப்படத்துக்கும் கிளம்புகிறவர்களுக்கு, நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு மக்களின் கைப்பொருளைப் பதிவு செய்யும்போது செய்தவரின் பெயரை முதலில் எழுதுங்கள். அவர் சொல்ல விரும்பாத பொருளை வற்புறுத்திக் கேட்காதீர்கள். சில கோலங்கள் குடும்பத்துக்கு உரியவை, சில பாட்டுகள் வீட்டுக்கு உரியவை. மௌனமும் அவர்களுடைய உரிமை. மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, அங்கே போக இன்று தடை இருக்கிறதா, விலையில் எவ்வளவு செய்தவர் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். அந்த மரபுக்குள் இருக்கும் மேல் கீழையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்குக் காட்டி, திருத்தச் சொன்னால் திருத்துங்கள்.

இவ்வளவையும் கேட்டு முடித்த பிறகு, நேரமிருந்தால், கோலத்துக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். அப்போது அவரே உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கீற்றைக் கையில் கொடுத்து, முடைந்து பார் என்று சொல்லக்கூடும்.